புதிய ஃபயர்வால் கருவி: வாங்குவதற்கு முன் எவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்?

இரண்டாம்_பொறுப்பு எழுதியது:

வணக்கம். நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பதே என் பணி. வலையமைப்பைக் கவனிக்க வேறு யாரும் இல்லாததால் அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரூட்டரே இதுநாள்வரை எங்களுக்கு ஃபயர்வாலாகவும் (வலைக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டுவது) டிஎச்சிபி சர்வராகவும் (கணினிகளுக்கு முகவரி வழங்குவது) இருந்து வருகிறது. இப்போது தனியாக ஒரு ஃபயர்வால் கருவி வாங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது. பெட்டி வந்திறங்கிய பிறகு யோசிப்பதைவிட, அதற்கு முன்பே திட்டத்தை எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். கோப்புகளும் கணக்கு மென்பொருளும் உள்ள ஒரு சர்வர், மூன்று பிரிண்டர்கள், எட்டு கண்காணிப்பு கேமராக்களும் அவற்றின் ரெக்கார்டரும், ஊழியர்களின் கணினிகள், அவர்களுடைய கைபேசிகள், வந்துபோகிறவர்களின் கைபேசிகள் என அனைத்தும் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்) என்ற ஒரே வலையில் கிடக்கின்றன. சுவிட்ச் வி-லேன் வசதி (ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) உள்ளதுதான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததில்லை. வைஃபைக்கு இரண்டு ஆக்சஸ் பாயின்ட்கள் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்களை அவற்றில் வைக்க முடியும். இணைய இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வழியாக 500 எம்பிபிஎஸ். வீட்டிலிருந்து வேலை செய்யும் 12 பேருக்காக ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) 3389 போர்ட், அதாவது அந்தச் சேவைக்குரிய வாசல் எண், சர்வரை நோக்கித் திறந்துவிடப்பட்டுள்ளது. அது எனக்கு முன்பிருந்தவர் செய்த ஏற்பாடு.

கருவியின் திறனை எதை வைத்து முடிவு செய்வது, வலையை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, ஊடுருவல் தடுப்பு வசதியை முதல் நாளிலேயே இயக்குவதா, ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியுமா என்பவை என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முனைக்கம்பி எழுதியது:

திட்டம் முடியும்வரை காத்திருக்கக் கூடாத ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த 3389 போர்ட்டை இன்றே மூடுங்கள். திறந்திருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் தேடி இணையத்தின் முகவரிகள் முழுவதையும் துழாவும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே தெரியும் போர்ட் எண்ணை வேறொன்றாக மாற்றி வைத்தாலும் அவை கண்டுபிடித்துவிடும். புதிய கருவி வரும்வரை அந்த 12 பேருக்கு வழி வேண்டுமென்றால், பயன்படாமல் இருக்கும் ஏதாவதொரு கணினியில் வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் வழியே குறியாக்கம் செய்த தனிப்பாதை) மென்பொருளை நிறுவி, யுடிபி 51820 போர்ட்டை மட்டும் அதற்குத் திறந்துவிடுங்கள். சரியான சாவியில்லாமல் வரும் பாக்கெட்டுக்கு (வலையில் செல்லும் தரவுத் துண்டு) வயர்கார்டு பதிலே அனுப்புவதில்லை. ஆகவே துழாவுகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

இனித் திட்டம். எந்த நிறுவனத்தின் பெட்டி என்ற கேள்வியைச் சிறிது நாள் ஒத்திவைத்துவிட்டு, ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஊழியர் கணினிகள், சர்வர், பிரிண்டர்கள், கேமராக்கள், விருந்தினர், விபிஎன் வழியாக வருகிறவர்கள், இணையம் என்று எழுதுங்கள். அதே பெயர்களை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், இடப்பக்கம் உள்ளவர் மேலே உள்ளவரிடம் பேச்சைத் தொடங்க வேண்டிய தேவை உண்டா, உண்டென்றால் எந்தப் போர்ட்டில் என்பதை மட்டும் குறியுங்கள். ‘தொடங்க’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். இன்றைய ஃபயர்வால்கள் அனைத்தும் தொடங்கப்பட்ட இணைப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலைத் தாமாகவே அனுமதிக்கின்றன. எனவே கணினி பிரிண்டரிடம் பேசலாம் என்று ஒரு விதி எழுதினால் போதும். பிரிண்டர் கணினிக்குப் பதில் சொல்ல இன்னொரு விதி தேவையில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் இரு திசையிலும் விதி எழுதி, பிரித்த வலையை மறுபடியும் ஒன்றாக்கிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவை காலியாகவே இருக்கும். காலிக் கட்டங்களே உங்கள் பாதுகாப்பு. வலையை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது என்பதற்கும் அந்தத் தாளே விடை சொல்லும்: இரண்டு வரிசைகள் ஒன்றுபோலவே நிரம்பியிருந்தால் அவற்றுக்குத் தனித்தனி வி-லேன் தேவையில்லை. வி-லேன்களுக்கு எண் இடும் 802.1கியூ முறையில் 1 முதல் 4094 வரை எண்கள் கிடைக்கின்றன என்பதற்காக இருபது பகுதிகள் உண்டாக்கி, பிறகு அவற்றைப் பராமரிக்க முடியாமல் திணற வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஊழியர், சர்வர், பிரிண்டர், கேமரா, விருந்தினர் என்ற ஐந்தும், சுவிட்ச் மற்றும் ஆக்சஸ் பாயின்ட்களை நிர்வகிக்க ஒன்றும் போதும். வி-லேன் 1 பெரும்பாலான சுவிட்ச்களில் இயல்பாகவே எல்லா போர்ட்களிலும் இருப்பது. அதை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

முகவரித் திட்டத்தில் 192.168.1.0/24 என்பதை விட்டு வெளியேறுவது நல்லது. வீட்டு ரூட்டர்களில் மிகப் பரவலாக இருப்பது அந்த வலைதான். வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1 என்றிருந்தால், விபிஎன் இணைந்த பிறகும் கணினி சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். 10.0.0.0/8 என்ற தனியார் முகவரித் தொகுதியிலிருந்து (உள் வலைகளில் மட்டும் பயன்படும் முகவரிகள்), அதிகம் புழங்காத ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக வி-லேன் 20-க்கு 10.37.20.0/24, வி-லேன் 30-க்கு 10.37.30.0/24 என்று மூன்றாம் எண்ணையும் வி-லேன் எண்ணையும் ஒன்றாக வைத்தால், பதிவுகளைப் படிக்கும்போது முகவரியைப் பார்த்தவுடனேயே அது எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும்.

விருந்தினர் பகுதிக்கு விதி எழுதும்போது ஒரு சறுக்கல் உண்டு. ‘மற்ற வலைகளுக்குத் தடை, இணையத்துக்கு அனுமதி’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் அதன் வெளி முகவரியில் விருந்தினருக்குத் திறந்தே இருக்கும், ஏனெனில் அந்த முகவரி தனியார் தொகுதியில் இல்லை. டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அனுமதி முதலில், கருவியின் எல்லா முகவரிகளுக்கும் தடை அடுத்து, தனியார் தொகுதிகள் மூன்றுக்கும் தடை அதற்கடுத்து, இணையத்துக்கு அனுமதி கடைசியில் என்ற வரிசையில் எழுதுங்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் ஒரு பகுதிக்கு நீங்கள் எழுதும் விதிகளில், மேலிருந்து கீழாக முதலில் பொருந்துவதே செல்லுபடியாகும். ஆகவே வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும்.

பழைய_ரேக் எழுதியது:

முனைக்கம்பி சொன்ன கட்டத்தை நானும் வழிமொழிகிறேன். ஆனால் சர்வரைத் தனி வி-லேனில் வைக்கச் சொன்னவர் அதன் விளைவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கருவியின் திறனை முடிவு செய்வதே அதுதான்.

இன்று உங்கள் ஊழியர்கள் சர்வரிலிருந்து கோப்பை எடுக்கும்போது அது சுவிட்ச்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. சர்வர் வேறு வி-லேனுக்குப் போனால், ஒவ்வொரு கோப்பும் ஃபயர்வாலுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். இணைப்பு 500 எம்பிபிஎஸ் தானே என்று அதற்கேற்ற பெட்டியை வாங்கினால், காலையில் நாற்பது பேரும் கோப்புகளைத் திறக்கும்போது அலுவலகமே மெதுவாகிவிடும். எனவே உள்ளே நடக்கும் போக்குவரத்தை அளந்து, அதற்கேற்பத் திறனைத் தேர்ந்தெடுங்கள். சுவிட்ச்சுக்கும் கருவிக்கும் இடையில் எல்லா வி-லேன்களையும் ஒரே கிகாபிட் கம்பியில் ஏற்றாமல், சர்வர் பகுதிக்குக் கருவியில் தனி போர்ட் ஒன்றை ஒதுக்கிவிடலாம். அல்லது இரு கம்பிகளை எல்ஏசிபி முறையில் (பல கம்பிகளை ஒன்றாகச் செயல்பட வைப்பது) இணைக்கலாம். கேமராக்களும் ரெக்கார்டரும் மட்டும் ஒரே வி-லேனில் இருக்கட்டும். எட்டு கேமராக்களின் படம் நாள் முழுவதும் ஃபயர்வால் வழியாக ஓட வேண்டிய அவசியமில்லை.

விவரத்தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் பெரிய பாக்கெட்டுகளை வைத்து, எந்த ஆய்வும் இல்லாமல் அளந்ததாக இருக்கும். ஒரு கிகாபிட் இணைப்பை 1518 பைட் பாக்கெட்டுகளால் நிரப்ப நொடிக்கு ஏறத்தாழ 81 ஆயிரம் போதும். 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்ப 14.88 லட்சம் வேண்டும். கருவி உழைப்பது பாக்கெட்டுகளின் எண்ணிக்கைக்காக. அவற்றின் பருமனுக்காக அன்று. தொலைபேசி அழைப்புகளும் டிஎன்எஸ் கேள்விகளும் சிறிய பாக்கெட்டுகள். ஆகவே விவரத்தாளில் கலப்புப் போக்குவரத்துக்கும், ஊடுருவல் தடுப்பை இயக்கிய நிலைக்கும், விபிஎன்னுக்கும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கும் எண்களைத் தேடிப் பாருங்கள். அவை தரப்படவில்லை என்றால் அந்தக் கருவியை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

உங்கள் இணைப்பு பிபிபிஓஇ என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படையிலான ஃபயர்வால்களில் (பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்றவை) பிபிபிஓஇ வழியாக வருவதெல்லாம் பெரும்பாலும் செயலியின் ஒரே கோரில் போய் விழும். எட்டு கோர் இருந்தாலும் ஏழு சும்மா இருக்கும். அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் உங்களுக்கு முக்கியம். மேலும் பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்களை எடுத்துக்கொள்வதால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்பது 1492 ஆகிவிடும், டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டுக்குள் செல்லும் தரவின் உச்ச அளவு) 1452 ஆக வேண்டும். கருவிகள் பல இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன என்றாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நின்றுவிடும். அப்போது நீங்கள் டிஎன்எஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரத்தைத் தொலைப்பீர்கள். நான் தொலைத்திருக்கிறேன்.

ஊடுருவல் தடுப்பைப் பொறுத்தவரை, முதல் நாளில் வேண்டாம் என்பதே என் கருத்து. இன்றைய போக்குவரத்தின் மிகப் பெரும்பகுதி டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் ஓடுகிறது. அதைப் பிரித்துப் படிக்காதவரை சுரிகாட்டா போன்ற ஊடுருவல் தடுப்பு மென்பொருளுக்குத் தெரிவது முகவரிகளும் தளப் பெயர்களும் வேறு சில குறிப்புகளும்தான். பிரித்துப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கணினியிலும் உங்கள் சான்றிதழை நிறுவ வேண்டும். ஊழியர்களின் வங்கிக் கணக்குப் பக்கங்களை அதிலிருந்து விலக்க வேண்டும். சில செயலிகள் அப்படியும் வேலை செய்ய மறுக்கும். முதலில் எச்சரிக்கை மட்டும் எழுதும் நிலையில் சில வாரங்கள் ஓடவிட்டு, பொய் எச்சரிக்கைகளைக் களைந்த பிறகு தடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

மாலைநேரப்_பணி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரே மாலையில் முடியாது. முடியும் என்று தோன்றினாலும் செய்யாதீர்கள். கருவி, முகவரி, வி-லேன், விதி, விபிஎன் ஆகிய ஐந்தும் ஒன்றாக மாறிய பிறகு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால், தவறு எதில் என்று இரவு பதினோரு மணிக்குக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் மாலையில் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். புதிய கருவிக்குப் பழைய ரூட்டரின் உள்முகவரியையே கொடுத்து, அதே 192.168.1.0/24 வலையை அப்படியே ஓடவிடுங்கள். பழைய ரூட்டரில் கையால் ஒதுக்கிய டிஎச்சிபி முகவரிகள் இருந்தால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும். சேவை நிறுவனத்தின் கருவியை பிரிட்ஜ் நிலைக்கு (தானே ரூட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்துவது) மாற்ற அவர்களுடைய உதவி தேவைப்படுமா என்பதையும் ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் நிலைக்கு மாற்றாவிட்டால் நேட்டுக்குள் நேட் (முகவரி மாற்றம் இருமுறை நடப்பது) என்றாகி விபிஎன்னில் தொல்லை வரும். மாற்றும்போது உங்கள் வெளி முகவரி மாறக்கூடும் என்பதால், வீட்டிலிருந்து இணைகிறவர்களுக்கு எண்ணைக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுங்கள்.

ஒரு வாரம் அது சிக்கலின்றி ஓடிய பிறகு, ஒரு மாலைக்கு ஒரு பகுதி என்று நகர்த்துங்கள். விருந்தினர் முதலில், ஏனெனில் அங்கே தவறு நடந்தாலும் அலுவலக வேலை நிற்காது. அடுத்து கேமராக்கள், பிறகு பிரிண்டர்கள், பிறகு ஊழியர் கணினிகள். சர்வர் கடைசி. வீட்டு வலையோடு முகவரி மோதும் தொல்லை அதுவரை நீடிக்கும் என்பது உண்மைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொள்வது இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். கருவியின் ஒரு போர்ட்டை நிர்வாகத்துக்கென்றே ஒதுக்கி, எந்த வி-லேனும் கலக்காமல், நிலையான முகவரியோடு வைத்துவிடுங்கள். கன்சோல் கேபிள் (வலை இல்லாமலே கருவியை நேரடியாக அமைக்க உதவும் கம்பி) கையில் இருக்கட்டும். அது உங்கள் மடிக்கணினியில் வேலை செய்கிறதா என்பதையும் அன்றைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் தொடங்கும் முன் அமைப்புக் கோப்பைப் பேக்கப் எடுங்கள். விபிஎன் சாவிகளும் கடவுச்சொற்களும் அந்தக் கோப்புக்குள் இருப்பதால் குறியாக்கம் செய்து வையுங்கள்.

இரண்டாம்_பொறுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 3389 அன்றைக்கே மூடப்பட்டது. ஒரு பழைய கணினியில் வயர்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டம் போட்டுப் பார்த்ததில் நான் எதிர்பாராத ஒன்று தெரிய வந்தது. பிரிண்டர் யாரிடமும் பேச்சைத் தொடங்காது என்று எண்ணி அதன் வரிசையை முழுவதும் காலியாக விட்டிருந்தேன். ஆனால் ஸ்கேன் செய்த தாள்களைப் பிரிண்டரே சர்வரின் கோப்புறையில் கொண்டுபோய் வைக்கிறது. ஆகவே அங்கே கோப்புப் பகிர்வுக்கான போர்ட் 445 வேண்டும். கேமராக்களுக்கு இணையத்தை மூடினால் அவற்றின் கடிகாரம் பிசகிவிடும் என்பதும் அப்போதுதான் தோன்றியது. ஃபயர்வாலே நேரம் சொல்லும்படி, நேரச் சேவைக்கான யுடிபி 123-ஐ அதன் முகவரிக்கு மட்டும் திறந்துவிட எண்ணியிருக்கிறேன்.

வாங்கும் முன் பழக வேண்டும் என்பதற்காக, இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள ஒரு கணினியில் ஓபிஎன்சென்ஸ் நிறுவி, பழைய ரூட்டருக்குப் பின்னால் வைத்து, ரெக்கார்டரை மட்டும் அதன் கீழ் இணைத்துப் பார்த்தேன். ‘அனைத்துக்கும் அனுமதி’ என்ற இயல்பு விதிக்கு மேலே, ரெக்கார்டரின் முகவரியிலிருந்து இணையத்துக்குத் தடை என்று எழுதிச் சேமித்தேன். ஆனாலும் ரெக்கார்டரின் கைபேசிச் செயலியில், வெளியிலிருந்தபடியே, இன்னும் படம் ஓடுகிறது. விதியின் வரிசையை இருமுறை பார்த்துவிட்டேன். எங்கே தவறுகிறேன்?

முனைக்கம்பி எழுதியது:

உங்கள் விதி சரியாகவே இருக்கலாம். தொடங்கப்பட்ட இணைப்பை ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும் என்று முன்பு சொன்னேன் அல்லவா; அதன் மறுபக்கம் இது. புதிய விதி புதிய இணைப்புகளை மட்டுமே நிறுத்தும். ரெக்கார்டர் விதி எழுதப்படுவதற்கு முன்பே தன் நிறுவனத்தின் சர்வரோடு ஓர் இணைப்பைத் தொடங்கி, சில நொடிகளுக்கு ஒருமுறை ஏதாவது அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறது. அந்தப் பழைய இணைப்பு ஸ்டேட் பட்டியலில் இருக்கும்வரை விதிகள் மறுபடி படிக்கப்படுவதே இல்லை. நிர்வாகப் பக்கத்தில் ஸ்டேட் பட்டியலைத் திறந்து, ரெக்கார்டரின் முகவரியைக் கொடுத்துத் தேடி, அதற்குரியவற்றை மட்டும் அழியுங்கள். மொத்தப் பட்டியலையும் அழித்தால், சோதனைக் கணினியில் பரவாயில்லை, நாளை அலுவலகத்தில் எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடும்.

அழித்த பிறகும் படம் ஓடினால், உங்கள் தடை விதி ஐபிவி4-க்கு (பழைய முகவரி முறை) மட்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி6-க்கென்று (புதிய முகவரி முறை) தனி அனுமதி விதி ஒன்று இயல்பாகவே கீழே இருக்கும். ரெக்கார்டர் அந்த வழியாகப் போய்விடும். அதைத் தடுக்கும்போது ஐபிவி4-இல் சிலர் செய்வதுபோல ஐசிஎம்பியை (கருவிகள் பிழைகளையும் நிலையையும் தெரிவித்துக்கொள்ளும் முறை) ஒட்டுமொத்தமாக மூடிவிடாதீர்கள். ஒரே வலையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே ஐபிவி6-இல் ஐசிஎம்பி வழியாகத்தான்.

பிரிண்டர் 445-ஐ சர்வர் பகுதி முழுவதற்கும் திறக்காமல், சர்வரின் ஒரே முகவரிக்குத் திறவுங்கள். ஸ்கேன் கோப்புறையில் எழுத மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றைப் பிரிண்டருக்குக் கொடுங்கள். இப்போது அதில் நிர்வாகியின் கடவுச்சொல் பதிந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

இரண்டாம்_பொறுப்பு எழுதியது:

ஸ்டேட்தான். அழித்தவுடன் படம் நின்றுவிட்டது. பிரிண்டர்களையும் திறந்து பார்த்தேன். மூன்றில் இரண்டில் நிர்வாகியின் கணக்குதான் பதிந்திருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக அதை மாற்றிவிட்டு, அதன் பிறகு விவரத்தாள்களைப் பார்க்கத் தொடங்குகிறேன்.